கசகசாச் செடியும் மூளைப் படமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் பெட் ஸ்கேன் (உடம்புக்குள் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே போகிறது என்று படம் பிடிக்கும் முறை) பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதில் ஒரே ஒரு பத்தியில், அபின் வகை மருந்துகள் மூளையில் எங்கே போய் ஒட்டுகின்றன என்பதையும் படம் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பத்தியைப் பற்றித்தான். எல்லாம் நம் பக்கத்துக் கடிதங்கள்: காசிமேடு, வியாசர்பாடி, ராயபுரம். நான் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் 22 ஆண்டுகள் இந்த மாதிரி மருந்துகளைத் தயாரித்தவள். இப்போது பிறந்த தண்டையார்பேட்டைக்கே திரும்பி வந்துவிட்டேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

"நீ குருமாவில் அரைத்துப் போடும் கசகசாவும் அபின் செடியில் வருவதுதான்" என்கிறான் என் மகன். உண்மையா அம்மா? இனி அரைக்கலாமா, கூடாதா?
– இல்லத்தரசி, பழைய வண்ணாரப்பேட்டை

மகன் சொன்னது சரி. ஒரே செடிதான். பூ உதிர்ந்ததும் வரும் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் காய்ந்தால் அபின். காய் முற்றி உலர்ந்த பிறகு உள்ளே இருக்கும் விதை கசகசா. மருந்துச் சத்து பாலில்தான் இருக்கிறது. விதையில் ஏறக்குறைய இல்லை. மேலே ஒட்டிக்கொண்டு வருவது மிகச் சொற்பம். தாராளமாக அரையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும் பிள்ளைக்கு மசாலாப் பொட்டலத்தோடு கசகசாவைக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காசிப்பூரிலும் இருக்கும் அரசு ஆலைகளில் அபினிலிருந்து மார்ஃபின், கோடீன், தீபைன் ஆகியவற்றைப் பிரிக்கிறார்கள். இந்த மூன்றில் தீபைனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீபைன் தானாக வலியைப் போக்காது. ஆனால் வேதியியலாளர் கையில் அது அருமையான மூலப்பொருள். அதிலிருந்துதான் வலிக்கும் போதை மீட்புக்கும் கொடுக்கும் புப்ரினார்ஃபின் வருகிறது, மூளையில் அபின் வகை மருந்துகள் ஒட்டும் அதே இடங்களில் ஒட்டும் டைப்ரினார்ஃபினும் வருகிறது. நான் வேலைக்காலம் முழுக்கக் கையாண்டது டைப்ரினார்ஃபின். ஆயாவோடு உட்கார்ந்து அம்மியில் கசகசா அரைத்த அதே கையால் அதைச் செய்தேன் என்று அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் மேடம். ஒரு வலி மருந்தைக் கதிரியக்கம் உள்ளதாக எப்படி மாற்றுவது? கதிரியக்க அணுவைச் சேர்த்தால் அந்த மருந்தே வேறு பொருளாகிவிடாதா?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் பாப்பா. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டைப்ரினார்ஃபின் மூலக்கூறில் 26 கார்பன் அணுக்கள் உண்டு. எல்லாம் சாதாரண கார்பன்-12. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பன்-11 வைத்தால் என்ன ஆகும்? வேதியியலுக்கு வித்தியாசமே தெரியாது. எலக்ட்ரான்கள் அதே எண்ணிக்கை, வடிவம் அதே வடிவம். மூளையில் இருக்கும் ஏற்பி, அதாவது மருந்து போய்ப் பொருந்தும் அந்தப் புரதம், வழக்கம்போலவே அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கார்பன்-11 நிலையில்லாதது. சற்று நேரத்தில் ஒரு பாசிட்ரானை, அதாவது நேர்மின்சுமை கொண்ட எலக்ட்ரானை, உமிழ்ந்துவிட்டுப் போரானாக மாறும். பாசிட்ரான் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிய, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் பாயும். தலையைச் சுற்றி வளையமாக இருக்கும் உணரிகளில் இரண்டு ஒரே கணத்தில் அவற்றைப் பிடித்தால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ மருந்து இருக்கிறது என்று அர்த்தம். இப்படிக் கோடிக்கணக்கான கோடுகளிலிருந்து கணினி படத்தைக் கட்டுகிறது.

ஆக, கார்பன்-11 வைத்தால் மருந்து மாறாது. ஃப்ளோரின்-18 வைத்தால் மாறும், ஏனென்றால் மூல மூலக்கூறில் ஃப்ளோரினே கிடையாது. மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) இருந்த இடத்தில் ஃப்ளோரோஎத்தில் வைக்கிறோம் என்றால் அது புது மூலக்கூறு; ஏற்பியில் ஒட்டுகிறதா என்று மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அப்புறம் ஏன் ஃப்ளோரினைத் தேடிப் போகிறார்கள்? நேரத்துக்காக. கார்பன்-11 பாதியாகக் குறைய 20 நிமிடம்தான் ஆகும். ஃப்ளோரின்-18 பாதியாக 110 நிமிடம். கார்பன்-11 வேண்டுமென்றால், துகள்களை வேகப்படுத்திக் கதிரியக்க அணுக்களை உண்டாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே வளாகத்தில் இருந்தாக வேண்டும். ஃப்ளோரின்-18 என்றால் ஊருக்கு அந்தப் பக்கம் தயாரித்துக்கூட வண்டியில் ஏற்றி அனுப்பலாம்.

இப்போது ஒரு நாள் வேலையைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு ஆய்வகத்தில் இருப்பேன். சைக்ளோட்ரானில் நைட்ரஜன் வாயு நிரப்பிய சிறு கலத்தின் மீது புரோட்டான்களைச் செலுத்துவார்கள். நைட்ரஜன் அணுக்கரு ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு ஒரு ஆல்ஃபா துகளை வெளியே தள்ளும். மிஞ்சுவது கார்பன்-11. வாயுவில் கலந்திருக்கும் துளி ஆக்சிஜனோடு சேர்ந்து அது கார்பன் டை ஆக்சைடாக வரும். 40 நிமிடம் கதிர் ஓடியதும் அந்த வாயு மெல்லிய குழாய் வழியே, ஈயச் சுவர் வைத்த ஒரு பெட்டிக்கு வந்து சேரும். அந்த நொடியிலிருந்து கடிகாரம்தான் எஜமானர்.

கார்பன் டை ஆக்சைடை மெத்தில் அயோடைடாக மாற்ற வேண்டும். அந்த மெத்தில்தான் நம் மூலக்கூறில் ஏறப்போகும் கார்பன். அதை ஏற்பதற்கு, மெத்தில் இல்லாத முன்னோடி மூலக்கூறை முன்பே தயாரித்து வைத்திருப்போம். இங்கே ஒரு சிக்கல். டைப்ரினார்ஃபினில் மெத்தில் 6-ஆம் இடத்து ஆக்சிஜனில் உட்கார வேண்டும். ஆனால் 3-ஆம் இடத்தில் ஃபீனால் ஒன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது; விட்டால் மெத்திலை அது முதலில் பிடித்துக்கொள்ளும். அதனால் அதன் மேல் டிரைட்டில் என்ற பருமனான தொகுதியை மாட்டி முன்கூட்டியே வாயை மூடிவிடுவோம். 6-இல் மெத்தில் ஏறியதும் அமிலம் விட்டு டிரைட்டிலைக் கழற்றிவிடுவோம். உங்கள் கரிம வேதியியல் பாடத்தில் 'காப்புத் தொகுதி' என்று ஒரு பகுதி வரும். தேர்வுக்குத்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்களுக்கு ஒவ்வொரு நாள் காலையும் அதில்தான் ஓடியது.

பிறகு, கலவையில் இருக்கும் பொருட்களைத் தனித்தனியே பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றி, வரைபடத்தில் நம் மருந்தின் உச்சி வரும் நொடியில் குழாயைத் திருப்பிச் சேகரிப்போம். கரைப்பானை விரட்டி, உப்பு நீரில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே கிருமியில்லாத குப்பிக்குள் தள்ளுவோம். கையால் எதையும் தொட முடியாது. எல்லாம் ஈயக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வால்வுகளும் கணினியும் வழியாக. மொத்தம் 40 நிமிடம் ஆகிவிட்டால் ஆரம்பித்ததில் கால் பங்குதான் மிச்சம். ஒரு மணி நேரம் ஆனால் எட்டில் ஒன்று. காசிமேட்டில் விடியற்காலையில் படகு வந்ததும் ஏலம் போடுகிறவர்கள் ஏன் அப்படிக் கத்துகிறார்கள் என்று சின்ன வயதில் எனக்குப் புரியாது. ஆய்வகத்தில் ஒரு வால்வு திறக்க மறுத்த அன்றைக்குப் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அபின் வகை டிரேசர்களில், அதாவது இப்படிப் படம் பிடிப்பதற்காகக் கதிரியக்கம் ஏற்றிய மருந்துகளில், உயிரே அதில்தான் இருக்கிறது. நாம் தயாரிக்கும் குப்பியில் எல்லா மூலக்கூறும் கதிரியக்கம் உள்ளவை அல்ல. ஆயிரக்கணக்கான சாதாரண மூலக்கூறுகளுக்கு நடுவே ஒன்றில்தான் கார்பன்-11 இருக்கும். மற்றவை காற்றிலிருந்தும் குழாய்களிலிருந்தும் நுழைந்துவிட்ட சாதாரண கார்பனால் ஆனவை. அவை படத்தில் தெரியாது. ஆனால் மருந்தாக வேலை செய்யும். ஏற்பியின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கார்ஃபென்டனில் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். விலங்குச் சோதனைகளில் மார்ஃபினைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியம் உள்ளது. காட்டு யானையைப் போன்ற பெரிய விலங்குகளை மயக்கப் பயன்பட்டது. 1985-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் உயிரோடு இருக்கும் மனிதர் மூளையில் அபின் ஏற்பிகளை முதன்முதலில் பெட் படமாகக் காட்டியது இதே கார்ஃபென்டனிலில் கார்பன்-11 வைத்துத்தான். எவ்வளவு செலுத்துவார்கள் தெரியுமா? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.03 மைக்ரோகிராம் என்ற வரம்பு வழக்கத்தில் உண்டு. 60 கிலோ மனிதருக்கு 1.8 மைக்ரோகிராம். சமையல் தூள் உப்பில் ஒரே ஒரு பரலை எடுத்து முப்பதாக உடைத்து அதில் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் உடம்புக்கு மருந்து வந்ததே தெரியாது. பார்க்க மட்டும் செய்கிறோம், தொடுவதில்லை.

இதில் ஒருமுறை தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. குழாய் இணைப்பு ஒன்றில் மயிரிழை போல ஒரு கசிவு. அறைக் காற்று உள்ளே போயிருக்கிறது. கதிரியக்கம் நிறைய வந்தது, தூய்மை 98 சதவீதம், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கடைசிச் சோதனையில் சாதாரண மூலக்கூறின் எடை வரம்பைத் தாண்டிவிட்டது. தன்னார்வலர் ஸ்கேன் மேசையில் படுத்துவிட்டார். மணிக்கட்டுத் தமனியில் ஊசி ஏற்றிவிட்டார்கள். அதுவே வலிக்கும் வேலை. நான் தொலைபேசியை எடுத்து "இன்றைக்கு முடியாது" என்று சொன்னேன். அந்தக் குப்பியை ஈயக் கலத்தில் வைத்து மூடிவிட்டு, அந்த மனிதரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாளிலிருந்து தினமும் கதிர் ஓடுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் நானே சோதித்தேன், வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை.

அக்கா, எனக்குப் புற்றுநோய்க்காக பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அன்று முழுக்கப் பேரனைத் தூக்கக் கூடாது என்று மருமகள் பிடுங்கிக்கொண்டாள். அவ்வளவு ஆபத்தா?
– படகு உரிமையாளர், காசிமேடு

மருமகள் செய்தது சரிதான் அண்ணே, கோபப்படாதீர்கள். உங்களுக்குச் செலுத்தியது ஃப்ளோரின்-18 வைத்த குளுக்கோஸாக இருக்கும். 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். காலையில் ஊசி போட்டால் மறுநாள் காலைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. முதல் சில மணி நேரம் மட்டும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மடியில், பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் இன்னும் சீக்கிரம் வெளியேறிவிடும். மறுநாள் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கே போகலாம்.

மறுபடியும் நான்தான் மேடம். ஒரு புதிய டிரேசர் சரியான இடத்தில்தான் ஒட்டுகிறது என்பதை எப்படிச் சோதிப்பார்கள்? மனிதருக்கு முன் என்னென்ன தாண்ட வேண்டும்?
– அதே மாணவி, தண்டையார்பேட்டை

ஒட்டுவது பெரிய விஷயமில்லை. எண்ணெய்ப் பசை உள்ள எந்த மூலக்கூறும் மூளையில் எங்காவது ஒட்டும். ஏற்பியில் ஒட்டியதா, சும்மா கொழுப்பில் ஒட்டியதா என்று பிரித்துக் காட்டுவதில்தான் திறமை. இதற்கு வழி காட்டியவர் உங்களைப் போல ஒரு மாணவி. கேண்டஸ் பெர்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சாலமன் ஸ்னைடரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். முதலில் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய டைஹைட்ரோமார்ஃபினை வைத்து முயன்று தோற்றார். பிறகு, மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனில் டிரிட்டியம் ஏற்றி, எலி மூளைத் திசுவில் கலந்து, வடிகட்டிக் கழுவிப் பார்த்தார். ஒட்டியிருந்தது. 1973-இல் அபின் ஏற்பி இருக்கிறது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே அதையே கண்டார்கள்.

பெர்ட் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடி பிம்பச் சோதனை. லெவார்ஃபனால், டெக்ஸ்ட்ரார்ஃபன் இரண்டும் இடக்கை வலக்கை போல. அணுக்கள் அதேதான், எண்ணெய்ப் பசையும் அதேதான். லெவார்ஃபனாலைச் சேர்த்தால் நலாக்சோன் விலகிக்கொள்கிறது. டெக்ஸ்ட்ரார்ஃபனைச் சேர்த்தால் அசையவில்லை. சும்மா ஒட்டுகிற பசையாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே விலக்கியிருக்க வேண்டும்? (நீங்கள் குடிக்கும் இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று போட்டிருக்கும். உடம்பில் அது மாறுவது இந்த டெக்ஸ்ட்ரார்ஃபனாகத்தான்.)

இன்றைக்கும் ஏறக்குறைய அதே பாதைதான். முதலில் சோதனைக் குழாயில் மியூ, டெல்டா, கப்பா என்ற மூன்று ஏற்பிகளிலும் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளப்பார்கள். டைப்ரினார்ஃபின் மூன்றிலும் ஒட்டும். கார்ஃபென்டனில் பெரும்பாலும் மியூவில், மார்ஃபின் வேலை செய்யும் அதே ஏற்பியில். அடுத்து டிரேசர் ஏற்றிய எலியின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிர் பட்டால் கறுக்கும் ஃபிலிமின் மேல் வைத்துக் கருமை எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். அபின் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கும் தலாமஸ் என்ற மூளைப் பகுதி கறுக்க வேண்டும். பிறகு நலாக்சோன் கொடுத்துவிட்டு டிரேசரைச் செலுத்தினால் அந்தக் கருமை மறைய வேண்டும். மறையாவிட்டால் அந்த மூலக்கூறை விட்டுவிட வேண்டியதுதான், எத்தனை மாதம் உழைத்திருந்தாலும். மியூ ஏற்பியே இல்லாமல் பிறக்கும் சுண்டெலிகளையும் 1996-இல் உருவாக்கினார்கள். அவற்றுக்கு மார்ஃபின் வலியைக் குறைப்பதில்லை. அவற்றின் மூளையில் மியூ டிரேசர் தங்கினால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும்.

ரத்தத்தில் அது எவ்வளவு சீக்கிரம் சிதைகிறது, சிதைந்த துண்டு மூளைக்குள் போய்க் குழப்புகிறதா, எந்த உறுப்புக்கு எவ்வளவு கதிர்வீச்சு போகும், நச்சுத்தன்மை உண்டா, எல்லாம் பார்த்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் மனிதர். நம் நாட்டில் கதிர்ப் பாதுகாப்புக்கு மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

என் தாயாருக்கு முழங்கால் வலி. திருவொற்றியூரில் ஒரு பெரியவர் வேப்பிலையால் மந்திரித்தால் இரண்டு நாள் நன்றாக நடக்கிறார். நாங்கள் சிரித்தால் அழுகிறார். இது மனப்பிரமைதானே?
– வங்கி ஊழியர், எண்ணூர்

சிரிக்காதீர்கள், தயவுசெய்து. வலி குறைந்தது என்று அவர் சொன்னால் குறைந்திருக்கிறது.

2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 14 ஆரோக்கியமான இளைஞர்களின் தாடைத் தசையில் உப்புக் கரைசலைச் செலுத்தி வலி உண்டாக்கினார்கள். இன்னொரு ஊசியைப் போட்டு 'இது வலியைக் குறைக்கும்' என்றார்கள். அதில் மருந்தே இல்லை. அந்த நேரத்தில் கார்பன்-11 கார்ஃபென்டனில் வைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். ஏற்பிகளில் டிரேசர் ஒட்டுவது குறைந்திருந்தது. ஏன்? மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின் அந்த இடங்களில் போய் உட்கார்ந்துவிட்டது. நம்பிக்கை மூளைக்குள் ஒரு வேதிப்பொருளாக வெளிவருவதைப் படத்தில் பார்த்தார்கள். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் டைப்ரினார்ஃபினை வைத்து முடக்குவாத நோயாளிகளைப் பார்த்தபோதும், வலி இருக்கும் நேரத்துக்கும் குறைந்த நேரத்துக்கும் இதே மாதிரி வித்தியாசம் தெரிந்தது.

இதனால் மூட்டுத் தேய்மானம் ஆறிவிடாது. எலும்பு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள், உடற்பயிற்சியைச் செய்ய வையுங்கள். வேப்பிலைக்கும் போய் வரட்டும்.

என் மகனுக்கு 21 வயது. சிநேகிதர்களோடு சேர்ந்து வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். நிறுத்துகிறேன் என்று சத்தியம் செய்கிறான், மூன்றாம் நாள் மறுபடியும். நீங்கள் எழுதிய ஸ்கேனை எடுத்தால் அவன் மூளை கெட்டுவிட்டதா என்று தெரியுமா? கடன் வாங்கியாவது எடுக்கிறேன்.
– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அம்மா, கடன் வாங்காதீர்கள். அந்த ஸ்கேன் ஆராய்ச்சிக்கானது. ஒரு தனி மனிதர் அடிமையாகிவிட்டாரா, எப்போது மீள்வார் என்று அது சொல்லாது. எந்த இடத்திலாவது 'மூளை ஸ்கேன் எடுத்து போதையைக் கண்டுபிடிக்கிறோம்' என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் அந்த ஸ்கேன்கள் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே உதவியிருக்கின்றன. எப்படியென்று சொல்கிறேன். ஹெராயினுக்கு அடிமையான சிலருக்கு புப்ரினார்ஃபின் கொடுத்து, கார்ஃபென்டனில் டிரேசரால் படம் எடுத்தார்கள். நாக்கின் அடியில் 2 மில்லிகிராம் வைத்தபோது மியூ ஏற்பிகளில் சுமார் 40 சதவீதம் நிரம்பின. 16 மில்லிகிராமில் சுமார் 80 சதவீதம். ஏற்பிகள் நிரம்ப நிரம்ப நடுக்கம், வயிற்றுப்போக்கு, எலும்பு வலி போன்ற விலகல் துன்பங்கள் குறைந்தன. அதற்கு மேல் போடும் போதையும் ஏறவில்லை, ஏனென்றால் உட்கார இடமில்லை. ஒருவருக்குச் சின்ன அளவு ஏன் போதவில்லை, டாக்டர் ஏன் படிப்படியாக ஏற்றுகிறார் என்பதற்கு இந்தப் படங்கள் சான்று. புப்ரினார்ஃபின், நான் மேலே கசகசாவில் சொன்னேனே, அந்தத் தீபைனிலிருந்து வருவதுதான்.

மூன்றாம் நாள் அவன் மறுபடி போவது உங்கள் மேல் பாசம் இல்லாததால் அல்ல. உங்கள் வளர்ப்பும் காரணமில்லை. அந்த ஏற்பிகள் காலியாகும்போது உடம்பு படும் பாடு அது. அதை வைராக்கியத்தால் மட்டும் தாண்டச் சொல்வது, காலில் எலும்பு முறிந்தவனை நடந்து காட்டச் சொல்வது போல. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை. புப்ரினார்ஃபினை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வேறு மாத்திரை உடம்பில் இருக்கும்போது தவறான நேரத்தில் கொடுத்தால் விலகல் துன்பம் ஒரேயடியாக வரும். டாக்டர்தான் நேரம் பார்த்துத் தொடங்க வேண்டும்.

இன்னும் மூன்று விஷயம், இவற்றை மறக்காதீர்கள். வாயால் விழுங்கும் மாத்திரையில் சுண்ணாம்பு போன்ற துகள்கள் கலந்திருக்கும். ரத்தத்தில் ஏற்றினால் அவை நாளங்களை அடைக்கும். கையே போன பிள்ளைகள் உண்டு. ஊசியைப் பங்கு போட்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலை வைரஸும் வரும், பரிசோதனை செய்துவிடுங்கள். கடைசியாக, சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவையே போடும் நாள்தான் மிக ஆபத்தான நாள். உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும், மூச்சு நின்றுவிடும். எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்மணி கடுகு போலச் சுருங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்சோன் ஊசி அவனைத் திரும்பக் கொண்டுவரும். பெர்ட் 1973-இல் டிரிட்டியம் ஏற்றினாரே, அதே நலாக்சோன்.

பிறகு எனக்கு எழுதுங்கள். அவன் மருந்து எடுக்கத் தொடங்கினான் என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

என் மனைவிக்குப் புற்றுநோய் எலும்பில் பரவிவிட்டது. மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் எல்லோரும் 'அது போதை மருந்து, அடிமையாகிவிடுவாள்' என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ராயபுரம்

ஐயா, என் அப்பாவும் துறைமுகத்தில்தான் வேலை செய்தார். 1991-இல் அவருக்குத் தொண்டையில் புற்று. கடைசி இரண்டு மாதம் சுவரில் தலையை முட்டிக்கொள்வார். நாங்கள் போன மருத்துவமனையில் மார்ஃபின் இல்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடுமைக்குப் பயந்து எத்தனையோ இடங்களில் அதை வாங்கி வைப்பதையே விட்டிருந்தார்கள். மருந்தின் பெயரும் எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் தெரியாது. அந்த வேதியியலைப் படித்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த இரண்டு மாதத்தில்தான்.

2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் போன்ற அத்தியாவசிய மருந்துகள் நோயாளிகளுக்குக் கிடைக்க வழி செய்தார்கள். உங்கள் மனைவிக்கு அது கையில் கிடைத்திருக்கிறது. கொடுங்கள். சில வாரங்களில் உடம்பு மருந்துக்குப் பழகும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது உண்மை. ஆனால் அது வேறு, வியாசர்பாடி அம்மாவின் மகன் படும் பாடு வேறு. அளவைக் கூட்ட வேண்டி வந்தால் அது நோய் வளர்வதால்தான்; உங்கள் மனைவி போதையைத் தேடுவதால் அல்ல.

வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். டாக்டர் குறித்த நேரத்துக்கு, இரவு என்றாலும், கொடுத்துவிடுங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, ஏனென்றால் குடலிலும் அதே மியூ ஏற்பி இருக்கிறது. மார்ஃபின் எழுதிய அன்றே மலமிளக்கியும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதவில்லை என்றால் நாளைக் காலையே போய்க் கேளுங்கள். மாத்திரையைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத பூட்டிய பெட்டியில் வையுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.